தேவிபட்டினத்திலிருந்து திரும்பிய பேருந்தில்

சென்ற மாதம் அம்மா என்னை மூன்றாவது முறையாகத் தேவிபட்டினத்துக்கு அழைத்துச் சென்று, கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றிவரச் செய்து, நவதானியத்தை நீரில் இடவைத்தார். 32 வயதாகியும் எனக்கு வரன் தகையாததற்குத் தோஷமே காரணம் என்பது ஜோதிடரின் கணிப்பு. வேண்டுதல் என்னவென்று கேட்டேன். “நீ சந்தோஷமா இருக்கணும், அம்புட்டுத்தான்” என்றார். அவர் மனதாரச் சொன்னார். ஆனால் சந்தோஷத்தையும் கல்யாணத்தையும் தனித்தனியாக நினைத்துப் பார்க்க அவருக்கு எவரும் இடம் கொடுத்ததில்லை.

பாம்பன் சின்னப்பாலத்தில் வாழ்க்கைப்பட்ட என் சின்னம்மா, 19 வயதில் கழுத்தை நீட்டியவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் பாசி எடுக்கப் போகிறார். விரல்களில் துணியைச் சுற்றி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் சேர்க்கிற வேலை அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்தபின், தீவை ஒட்டிப் போவதற்கே அஞ்ச வேண்டியிருக்கிறது. பாசி எடுத்த பணத்தில்தான் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள் படித்தார்கள். சித்தப்பாவின் குடிக்கும் அதிலிருந்தே போனது. அவரிடம் அடி வாங்கிய மறுநாளும் சின்னம்மா வல்லம் என்கிற நாட்டுப் படகில் ஏறியிருக்கிறார். அவரிடம் ஊரில் ஒருவரும் “சந்தோஷமா இருக்கியா?” என்று கேட்டதில்லை. தாலி இருப்பதே பதிலாகிவிடுகிறது. சொந்தச் சம்பளத்தில் நிம்மதியாக உறங்கி எழுகிற என்னிடமோ, தங்கச்சிமடம் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள்கூடத் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசுகிறார்கள். இதுதான் என்னை வதைக்கிறது.

கல்யாணம் செய்துகொள்ளவா என்று சின்னம்மாவிடமே ஒருமுறை கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், “தண்ணிக்குள்ள இருக்கயில என்னைய யாரும் கூப்பிட மாட்டாக, ஆத்தா” என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஏழைப் பெண்களின் திருமணத்துக்கென 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய உதவித் திட்டத்தில்தான் என் அக்காவுக்குத் தாலிக்குத் தங்கம் கிடைத்தது. அதே திட்டம் 2022இல் புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. சின்னம்மாவின் இளைய மகள் அதைப் பெறுகிறாள். கல்லூரிக் கட்டணத்தைவிட, தன் பெயரில் பணம் வருவதைத்தான் அவள் பெருமையாகச் சொல்கிறாள். அவளுக்கும் இப்போதே ஜாதகம் எழுதிவிட்டார்கள்.

தேவிபட்டினத்திலிருந்து திரும்புகையில் அம்மாவிடம், நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்களா என்று கேட்டேன். “எங்கிட்ட இதெல்லாம் யாரு கேட்டா” என்றவர், சற்றுப் பொறுத்து, கல்யாணத்துக்கு முன் ஓராண்டு பால்வாடியில் வேலை பார்த்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ராமநாதபுரம் வந்து சேரும்வரை, அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து சொல்லிக்கொண்டே வந்தார்.