பச்சை வட்டம்

சிங்கப்பூரில், என் தமிழ் வகுப்பு மாணவன் ஒருவனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “அப்போ தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டேன்.”

அதட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். யோசித்தால் நல்ல யோசனையும்கூட. ஆனால் வகுப்பே சிரித்துவிட்டது.

அதற்கு முன் அவன் சொன்னது, “டீச்சர், இது என் தங்கச்சி படிக்கிற புக்கு.” தங்கை தொடக்கநிலை 3, இவன் உயர்நிலை 1. புத்தகத்தின் முதுகில் பச்சை ஸ்டிக்கர். பச்சை எளிது, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு கடினம். ஒரு டிசம்பர் விடுமுறையில் வகுப்பு நூலகம் முழுவதற்கும் நான்தான் உட்கார்ந்து ஒட்டினேன். அன்று பாடம் முடியும்வரை அவன் அந்த வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே இருந்தான். பக்கம் புரட்டியதாகத் தெரியவில்லை.

இப்போது அவன் உயர்நிலை 2. புதிய தவணைக்கான வாசிப்புத் திட்டம் மறுபடி என் கையில். 10 வாரம். அரையாண்டுத் தேர்வையே ரத்து செய்துவிட்ட பிறகு வாசிப்புக்கு நேரம் இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. முதல் வாரத்துக் கட்டத்தில் ‘நிலைவாரி நூல்கள் வழங்குதல்’ என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன்.

நிலை பிரிக்காமல் எப்படி? வரிக்கு நான்கு சொல் தெரியாத புத்தகத்தை நீட்டினால் பிள்ளை அதை மூடிவைத்துவிட்டுத் தமிழே கஷ்டம் என்று முடிவுகட்டிவிடும். அவனை நான் கண்ணை மூடிக்கொண்டு பச்சையில் தள்ளவில்லை. ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன், ஏழு இடத்தில் நின்றான். ‘படித்துக்கொண்டிருந்தான்’ என்ற சொல்லில், படி... த்து... கொண்... என்று போய் அப்படியே விட்டுவிட்டான்.

சரி, அங்கேதான் உறுத்துகிறது. வீட்டில் ‘படிச்சிக்கிட்டு இருந்தான்’ என்று அவன் ஆயிரம் முறை கேட்டிருப்பான், சொல்லியும் இருப்பான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான். அந்த 2.5இல் வருகிறவன் அவன். அவனுக்குத்தான் பச்சை. சிவப்பு வாங்கிய ஒரு மாணவி செய்தி வாசிப்பதுபோல் நிறுத்தாமல் வாசிப்பாள். என்ன கதை என்று கேட்டால் ஆங்கிலத்தில் ஆரம்பித்து அங்கேயே முடிப்பாள். நான் சோதித்தது வாசிப்பையா, வாயையா?

பேச்சுத்தமிழையும் கற்பிக்க வேண்டும் என்று பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இலேயே சொல்லிவிட்டது. பட்டறைகளில் நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனாலும் நான் முதலில் பக்கத்தை வாசித்துக் காட்டி, கதையை அவன் பாணியில் சொல்லச் சொல்லிப் பார்க்கவில்லை. தோன்றவில்லை என்பதுதான் உண்மை. நேரமில்லை என்று சொல்லலாம், அதுவும் பாதி உண்மைதான்.

இன்னொன்று. 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்களிலிருந்து மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவே இல்லை. பிள்ளைகள் மேலிருந்த பெயரை நாடே எடுத்துவிட்டது. நான் 3 வெள்ளிக்கு ஸ்டிக்கர் வாங்கி வந்து புத்தகத்தில் ஒட்டியிருக்கிறேன். இதைச் சொன்னபோது என்னோடு திட்டம் போடும் இளம் ஆசிரியை, “அக்கா, புத்தகத்துக்குத்தானே ஒட்டினீங்க, பிள்ளைக்கா ஒட்டினீங்க?” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்வரை.

ஒருவேளை ஸ்டிக்கரே காரணமில்லையோ என்னவோ. அந்த ஒரு வரியை நான் விழுங்கியிருந்தால், பச்சையோ சிவப்போ, அவன் சாதாரணமாகவே வாசித்திருக்கலாம். ஸ்டிக்கரைத் திட்டுவது எனக்கு வசதியாக இருக்கிறது. ஸ்டிக்கரை உரிக்க முடியும்.

கடைசியில் உரிக்கவும் இல்லை. முதல் இரண்டு வாரமும் நான் வாசிப்பது, அவர்கள் பேச்சுத்தமிழில் கதை சொல்வது, அப்புறம்தான் புத்தகம் என்று திட்டத்தை மாற்றினேன். வட்டங்களை முதுகிலிருந்து எடுத்து, பின்னட்டைக்கு உள்பக்கம் புதிதாக ஒட்டினேன். விடுமுறையின் கடைசி இரண்டு நாள் அதிலேயே போயிற்று. பழைய இடத்தில் பசை போகவில்லை. தூசி ஒட்டி, வட்டம் வட்டமாகச் சாம்பல் தடம்.

“எதுக்குக்கா உள்ள ஒட்டுறீங்க?” என்று கேட்டார் அந்த ஆசிரியை.

“வெளியே ஒட்டினா நிக்க மாட்டேங்குதும்மா, உரிஞ்சு உரிஞ்சு வருது” என்றேன்.