வேலிக்கு முன்னால் நின்ற யானை

போன மாசியில், மசினகுடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் யானை மின்வேலி முன் வெகுநேரம் நின்றது. தும்பிக்கையைக் கம்பிக்கு ஒரு சாண் தள்ளியே நிறுத்தி மோப்பம் பிடித்தது. அப்புறம் குட்டியை அணைத்தபடி திரும்பிவிட்டது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மேற்கே முதுமலை, கிழக்கே சத்தியமங்கலம். தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு, வடக்கே மாயாற்றுப் பள்ளம். நடுவிலுள்ள சீகூர் மேட்டை விட்டால் யானைகளுக்கு வேறு வழி ஏது? 2011-இல் உயர்நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் இந்த யானை வழித்தடத்தை உறுதி செய்தன.

பக்கத்துத் தோட்டக்காரர் போன மாதம் தானாகவே கம்பியை அவிழ்த்தார். மூன்றாம் நாள் காலை, புழுதியில் பெரிய தடம். ஒட்டியே சின்னத் தடம்.