பழைய செடானில் மின்கோளாறு: பாகத்தை மாற்றும் முன் இணைப்பை அளந்து பாருங்கள்

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய செடானை செகண்ட் ஹேண்டில் வாங்கினால், பெரும்பாலும் இன்ஜினைவிட ஒயரிங்தான் முதலில் வேலை வைக்கும். காலையில் செல்ஃப் எடுக்காது. ஹெட்லைட் மங்கும். ஒரு கண்ணாடி மட்டும் இறங்காது. டேஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்து எரியும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையும் புதிதாகப் போட்ட பிறகும் கோளாறு அப்படியே நிற்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றிய பாகம் நன்றாகவே இருந்திருக்கும். அதற்குக் கரண்ட் போய்ச் சேரும் வழியில் ஏதோ ஒரு இணைப்பில் துருவேறியிருக்கும். அதனால் எதையும் வாங்கும் முன் இணைப்புகளை அளந்துவிட வேண்டும். நான் பின்பற்றும் வரிசையை அப்படியே தருகிறேன்.

கருவிகள் கொஞ்சம்தான். 10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு ஒயர் இழுத்துவிட்ட 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, 10-ம் நம்பர் ஸ்பேனர், ஒயர் பிரஷ், உப்புத்தாள். மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு? மீட்டர் அளக்கும்போது கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். துருவேறிய கனெக்டரில் சில ஓம் தடை இருந்தாலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். அதே இடத்தில் பல்பை வைத்தால் அது 1.75 ஆம்பியர் கேட்கும், கிடைக்காமல் மங்கலாக எரியும், குட்டு வெளிப்பட்டுவிடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வுக்கும் ஏர்பேக்குக்கும் போகும் ஒயர்களில் மட்டும் இந்தப் பல்பை வைக்கக் கூடாது.

முதல் வேலை பேட்டரி. வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு அளப்பது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஒன்று பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. சாவியைத் திருப்பும்போது படபடவென்று தொடர்ந்து க்ளிக் சத்தம் வந்தால் பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே ஒரு கனமான க்ளிக் கேட்டு இன்ஜின் சுற்றாமல் நின்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டை விடும் சுவிட்சான சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் காண்டாக்ட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றித் தேயுங்கள். பேட்டரியின் மூடிக்குள் அந்தச் சோடாத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டாலும் நெகட்டிவ் கழன்றிருந்தால் ஷார்ட் ஆகாது. பேட்டரித் தூணையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் பளபளப்பாகும்வரை தேய்த்து, கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்.

இனிமேல் வருவதுதான் பல ஒர்க்‌ஷாப்களில் செய்யாமல் விடும் சோதனை. எரிபொருள் பம்ப்பின் பியூஸைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் தூணில் வையுங்கள், கிளாம்பில் வைக்காதீர்கள். கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில். இப்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் காட்டுவது அந்த வழியில் தொலைந்துபோகும் வோல்ட்டேஜ். அரை வோல்ட் வரை பரவாயில்லை. அதேபோல் பேட்டரியின் நெகட்டிவ் தூணுக்கும் இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்துக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து அளங்கள்: தூணிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து கேபிளின் மறுமுனை, அந்த முனையிலிருந்து பாடி, பாடியிலிருந்து இன்ஜின். எந்தத் துண்டில் வோல்ட்டேஜ் தெரிகிறதோ கோளாறு அங்கேதான்.

இதை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் தொலைந்துவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரால் பிரித்துக் காட்ட முடியாது.

பழைய வண்டியில் அதிகமாகச் சிக்குவது இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும், கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் பட்டைதான். வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் கறுத்து உதிரும். இந்தப் பட்டை போய்விட்டால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிளின் இரும்பு உறை வழியாகக்கூடத் திரும்பும். செல்ஃப் அடித்த கையோடு அந்த கேபிளைத் தொட்டால் சுடும். கேபிள் அடிக்கடி இறுகிப்போகிறது என்று வரும் வண்டியில் எர்த்தைப் பார்த்துவிடுவது நல்லது. பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் போகும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். பட்டை சந்தேகமாக இருந்தால் அதே தடிமனில் புதிதாக ஒன்று கூடுதலாகவே போட்டுவிடலாம், கெடுதல் இல்லை.

ஆல்டர்னேட்டர் பக்கம் வருவோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு 2000 ஆர்.பி.எம்.மில் வைத்துப் பாருங்கள். 13-க்குக் கீழே சரிந்தால் பெல்ட் வழுக்குகிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதிக்கும், பல்புகள் வரிசையாகப் போகும். சற்றுப் புதிய மாடல்களில் இ.சி.யூ.வே சார்ஜைக் குறைத்து 13-ஐ ஒட்டி வைத்திருக்கும், அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். அடுத்து மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி அதே பேட்டரியில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆல்டர்னேட்டருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டயோடுகள் சரி. அரை வோல்ட் காட்டினால் டயோடு போயிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யாரையும் செய்யவிடாதீர்கள். அந்த நொடியில் எழும் உயர் வோல்ட்டேஜ் இ.சி.யூ.வைக் கொன்றுவிடும்.

இரண்டு மூன்று நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்பது அடுத்த பெரிய தொல்லை. நிறுத்திய வண்டியில் கடிகாரம், அலாரம், இ.சி.யூ. நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் சரி. 100 இழுத்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-ஹவர் போகும். 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்பது பத்து நாளில் பாதியாகிவிடும். 500 இழுத்தால் இரண்டே நாள்.

இதை அளக்கும் விதத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பானெட்டைத் திறந்து, கதவு லாக்குகளை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, சாவியை வெளியே எடுத்துத் தூரமாக வைத்துவிடுங்கள். மீட்டர் 10 ஆம்பியர் ரேஞ்சில். ஒரு முனையை நெகட்டிவ் தூணிலும் மறுமுனையை நெகட்டிவ் கிளாம்பிலும் கவ்வவிட்டு, அந்தத் தொடர்பு விடாமலே கிளாம்பை மெதுவாகத் தூக்குங்கள். முதலில் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிறகு மீட்டரை வைத்தால், ஒட்டிக்கொண்டிருந்த ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) விடுபட்டு, தேடி வந்த கோளாறே மறைந்துவிடும். முதலில் சில ஆம்பியர் காட்டினால் பயப்பட வேண்டாம், கண்ட்ரோல் யூனிட்டுகள் தூங்க அரை மணி, சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அதற்குள் சாவியைப் போட்டாலோ செல்ஃப் அடித்தாலோ மீட்டரின் பியூஸ் எரியும்.

தூங்கிய பிறகும் கரண்ட் அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டாம். திரும்பச் செருகும்போது யூனிட்டுகள் விழித்துக்கொள்ளும், மறுபடி காத்திருக்க வேண்டும். பிளேடு பியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மற்றொரு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்த பியூஸ் வழியே எதுவும் ஓடவில்லை. மற்றவற்றைவிடக் கூடுதலாக மில்லி வோல்ட் காட்டும் பியூஸ் எந்த சர்க்யூட்டுடையது என்று பியூஸ் பாக்ஸ் மூடியில் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் டிக்கி விளக்கோ கிளவ் பாக்ஸ் விளக்கோ அணையாமல் எரிந்துகொண்டிருக்கும், அல்லது முந்தைய உரிமையாளர் மாட்டிய ஆடியோ செட்டும் அலாரமும் காரணமாக இருக்கும். செட்டின் மஞ்சள் ஒயர் நிரந்தரச் சப்ளைக்கும் சிவப்பு சாவிச் சப்ளைக்கும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கி நிரந்தரத்தில் கொடுத்திருந்தால் செட் தூங்கவே தூங்காது. எந்த பியூஸிலும் தெரியவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் டயோடு கசியலாம். நெகட்டிவைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளை எடுத்து முனையை இன்சுலேட் செய்துவிட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

ஹெட்லைட் மங்கலுக்கு 100 வாட் பல்பு மருந்து இல்லை. லோ பீமும் ஹை பீமும் ஒன்றிலேயே உள்ள சாதாரண எச்4 பல்பு லோ பீமில் 55 வாட். இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர். பழைய சுவிட்ச், பழைய கனெக்டர் வழியே போகும்போது பல்புக்கு வரும் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். அதே ஒயரில் 100 வாட் போட்டால் கனெக்டர் உருகும். சரியான வழி ரிலே: 30-ம் முனைக்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், 87-லிருந்து பல்புகளுக்கு, 86-க்குப் பழைய ஹெட்லைட் ஒயர், 85 எர்த். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. சில ஜப்பானிய வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் வேலை செய்யும். பல்பு கனெக்டரின் எந்த முனையில் எப்போதும் 12 வோல்ட் நிற்கிறது என்று பார்த்துவிட்டு ஒயர் இழுங்கள்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கினால் அந்தப் பக்கத்து பின்விளக்கின் எர்த் போய்விட்டது. வேறெங்கும் தேட வேண்டாம்.

கண்ணாடி இறங்காத கதவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. இன்ஜினை அணைத்து, சாவியைப் போட்டு, உள்விளக்கைப் பார்த்தபடி சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. ரப்பருக்கு சிலிக்கோன் ஸ்பிரே போதும். விளக்கு அசையாமல் எரிந்தால் வழி அறுந்திருக்கிறது. கதவுக்கும் பாடியின் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கியதில் ஒயர் அங்கேதான் முறியும், பல நேரம் மேலுறை கிழியாமலே. ஒவ்வொரு ஒயரையும் இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் அறுந்தது ரப்பர்போல நீளும். டிக்கி மூடியின் கீல் அருகே செல்லும் ஒயர்களும் இப்படித்தான். நம்பர் பிளேட் விளக்கு விட்டுவிட்டு எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய பியூஸைச் செருகாதீர்கள், ஒயர் எரியும். எரிந்த பியூஸின் இடத்தில் நம் 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அதற்கு மேல் கரண்ட் போகவும் விடாது. ஒயர்க் கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ அங்கே உறை உரசித் தேய்ந்திருக்கும்.

காரணம் புரியாத கோளாறு நிறைய இருந்தால் தரைவிரிப்பை அழுத்திப் பாருங்கள். ஈரமாக இருந்தால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலை இலை அடைத்திருக்கும், அல்லது ஏ.சி. தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும். அந்த ஈரம் டேஷ்போர்டுக்குக் கீழேயும் சீட்டுக்கு அடியிலும் உள்ள கனெக்டர்களில் பச்சை பூக்க வைக்கும். தண்ணீர் உள்ளே வருவதை நிறுத்தாமல் கனெக்டரை மட்டும் சுத்தம் செய்தால் கோளாறு திரும்ப வரும்.

வண்டியின் கோளாறுக் கோடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் பி0562 வந்தால் வோல்ட்டேஜ் குறைவு என்று பொருள். கண்ட்ரோல் யூனிட்டுகளுக்கு இடையே தொடர்பு இல்லை என்னும், யு-வில் தொடங்கும் கோடுகள் கூட்டமாக வந்தாலும் முதலில் பேட்டரியும் எர்த்தும்தான். அவை சரியென்றால் பேட்டரியைக் கழற்றி ஓ.பி.டி. சாக்கெட்டின் 6-க்கும் 14-க்கும் இடையே ஓம் அளங்கள். யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பு நேரடியாக அங்கே வரும் வண்டிகளில் 60 ஓமை ஒட்டி இருக்க வேண்டும். சூடானதும் இன்ஜின் அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஹார்னும் அடிக்காமல் ஏர்பேக் விளக்கும் எரிந்தால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிள். ஏர்பேக் ஒயரில் மீட்டரை வைக்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்த பிறகு, தெரிந்தவர் மட்டும் கை வைக்கட்டும்.

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது சில மாதம்தான் தாங்கும். அதே தடிமன் உள்ள பல இழை ஒயரைச் சேர்த்து, க்ரிம்ப் ஸ்லீவ் போட்டு அழுத்தி, சூட்டில் சுருங்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். மடங்கும் இடத்தில் சோல்டர் வேண்டாம். ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். கதவு ஒயர்களில் எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் ரப்பர் குழாய்க்குள் போகாது, முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போடுங்கள்.

பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் ஒரே தொடலில் ஏறும் கண்ணாடிகள் அதை மறந்திருக்கும். முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும். ஐடிலிங் கொஞ்ச தூரம் ஏறி இறங்கும், ஓட ஓட அடங்கும். ஆடியோ செட் ரகசிய எண் கேட்கும் வகை என்றால் அந்த எண்ணைக் கழற்றும் முன்பே கண்டுபிடித்து எழுதி வைத்திருக்க வேண்டும்.