கல்யாணத்துக்குப் பிறகு கொழிஞ்சாம்பாறையில் ஓட்டு

பொள்ளாச்சிப் பக்கமிருந்து கல்யாணமாகி, கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தொகுதியிலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு வந்த பெண்கள் இங்கே நிறையப் பேர். பேச்சும் சாப்பாடும் மாறுவதில்லை, மாநிலம் மாறிவிடுகிறது. ஓட்டு மட்டும் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடும். "அங்கேயே இருக்கட்டும், பஸ் ஏறினால் அரை நாள் வேலை" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். ஆனால் என் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், பிள்ளைகள் படிக்கப்போகும் தமிழ் மீடியம் பள்ளி, ஆழியாற்றிலிருந்து சித்தூர் பகுதிக்கு வரவேண்டிய வருடம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி), இதையெல்லாம் கேட்க வேண்டியவர் இந்தத் தொகுதி எம்.எல்.ஏ. அவரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கும் பங்கு வேண்டும் என்று நினைத்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ஓட்டைச் சித்தூர் தொகுதிக்கு மாற்றினேன்.

இரண்டு இடத்திலும் பெயரை வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு. அதனால் விண்ணப்பத்தில் பழைய வாக்காளர் அட்டை எண்ணையும் பொள்ளாச்சித் தொகுதி விவரத்தையும் மறைக்காமல் எழுதினேன். அப்போது தொகுதி மாறுகிறவர்களுக்கும் படிவம் 6தான். 2022 ஆகஸ்டிலிருந்து வீடு மாறினால் படிவம் 8. புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் 6.

சிக்கல் முகவரிச் சான்றில்தான். ஆதாரில் பழைய முகவரி, ரேஷன் கார்டில் இன்னும் என் பெயர் ஏறவில்லை, கரண்ட் பில் மாமனார் பெயரில். புதிதாக வந்த மருமகள்கள் எல்லோருக்கும் இதே நிலைமைதான். இங்கே பேங்கில் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த பாஸ்புக்கில் இந்த வீட்டு முகவரி இருந்தது, அது போதுமானதாக இருந்தது. இப்போது கணவர் பெயரில் உள்ள சான்றையும் ஏற்கிறார்கள்.

ஆன்லைனில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் பூத்தின் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) யார் என்று விசாரியுங்கள். கேரளத்தில் பல இடங்களில் அங்கன்வாடி டீச்சர்தான் அந்த வேலையைப் பார்க்கிறார். எங்கள் பி.எல்.ஓ. வீட்டுக்கே வந்து மாமியாரிடம் விசாரித்து, வாக்காளர் பட்டியலில் கணவர் பெயர் இருக்கும் பாகத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு போனார். கையோடு என் பெயரை மலையாளத்தில் எழுதிக் காட்டச் சொன்னேன். இனிஷியலும் பெயரும் இடம் மாறியிருந்தன, அங்கேயே திருத்திவிட்டோம். பட்டியலில் ஏறிய பிறகு திருத்துவதைவிட இது எவ்வளவோ சுலபம். எதுவும் புரியவில்லை என்றால் தேர்தல் ஆணையத்தின் உதவி எண் 1950க்குப் போன் போடலாம்.

வேட்புமனு கடைசி நாள் வரை பெயர் சேர்க்கலாம் என்பார்கள். அதை நம்பிக் கடைசி வாரம் வரை இழுக்க வேண்டாம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பார்க்க 7 நாள் விட வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயர் ஏறும்.

2021 ஏப்ரல் 6, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. புது அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. பட்டியலில் பெயர் இருந்ததால் ஆதாரைக் காட்டினேன். அது ஆளை அடையாளம் காண மட்டும்தான், அதிலிருந்த பழைய முகவரியை யாரும் கேட்கவில்லை. பூத் சிலிப் மட்டும் கொண்டுபோனால் ஆகாது. மெஷினில் பெயருக்குப் பக்கத்தில் வேட்பாளர் படமும் சின்னமும் இருக்கும், எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் தைரியமாகப் போகலாம். பொத்தானை அழுத்தியதும், யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று சீட்டில் காட்டும் விவிபேட் மெஷினின் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரியும், நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. இந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் அதையே நம்பிப் போகாதீர்கள். பஞ்சாயத்துப் பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகத் தயாரிக்கிறது, அதில் தனியாகப் பெயர் சேர்க்க வேண்டும். வார்டு மெம்பரிடம் கேட்டால் எப்போது சேர்க்கிறார்கள் என்று சொல்வார்.