பணகுடிப் பெட்டியில் கசிந்த நினைவகம்

பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலையின் அடியில் வைத்திருந்த எங்கள் கண்காணிப்புப் பெட்டி, ஆனிக் காற்று வலுத்ததும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நின்றுபோகத் தொடங்கியது. அங்கே பொறுப்பில் இருக்கும் அண்ணாச்சி விடியற்காலையில் அழைத்து, "தம்பி, பெட்டி மறுபடியும் படுத்துட்டுல்லா" என்பார். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் ஓடும். உள்ளே இருந்தவை 64 எம்பி நினைவகம், லினக்ஸ், சிப்போடு வந்த ஈதர்நெட் டிரைவர் (நெட்வொர்க் வன்பொருளை இயக்கும் நிரல்).

காற்றின் அதிர்வில் கேபிள் முனை தளர்ந்து இணைப்பு விட்டுவிட்டு வருவதும், ஒவ்வொரு முறையும் எங்கள் ஸ்கிரிப்ட் நெட்வொர்க்கை நிறுத்தித் தொடங்குவதும் லாக் கோப்பில் தெரிந்தன. பாளையங்கோட்டையில் என் மேசையில் இருந்த இன்னொரு பெட்டியில் அதையே 500 முறை செய்து பார்த்தபோது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒதுக்கிய நினைவகத்தைக் கணக்கிட்டுக் காட்டும் ஸ்லாப்டாப்பில் பாக்கெட்டுகளின் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகள்) கணக்கு ஏறியதே தவிர இறங்கவில்லை. அதாவது, அவற்றுக்கு வாங்கிய நினைவகம் திரும்பாமல் கசிந்துகொண்டிருந்தது.

கர்னலில் கசிவைத் தேடும் கேமெம்லீக் வசதியை இயக்கினேன். அது 10 நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவி, எந்தச் சுட்டியும் (முகவரியை வைத்திருக்கும் மாறி) காட்டாத துண்டுகளைப் பட்டியலிடும். பட்டியலில் டிரைவரின் பெயரே இல்லை. யுடிபி என்ற நெறிமுறையில் தரவை அனுப்பும் கர்னல் பகுதிதான் இருந்தது. அதை நம்பி எங்கள் செயலியின் நிரலை இரண்டு நாள் துருவியது என் தவறு. கேமெம்லீக் சொல்வது நினைவகத்தை ஒதுக்கிய இடத்தைத்தான், தொலைத்த இடத்தை அல்ல. பாக்கெட்டை உருவாக்குவது செயலியிடமிருந்து தரவை வாங்கும் சாக்கெட் அடுக்கு என்றாலும், கைமாறி வந்தபின் அதை விடுவிக்க வேண்டியது டிரைவர். எங்கள் டிரைவரோ நிறுத்தும்போது அனுப்பும் ரிங்கின் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வட்ட வரிசை) அட்டவணையை மட்டும் விடுவித்துவிட்டு, அதில் காத்திருந்த பாக்கெட்டுகளின் டிஎம்ஏ மேப்பிங்கை (வன்பொருள் நேரடியாக நினைவகத்தைத் தொடச் செய்த ஏற்பாடு) நீக்காமலும் அவற்றை விடுவிக்காமலும் போயிருந்தது. திருத்தம் ஏழே வரி.

ஒரு பிழை இப்படிக் கிடந்தால் அருகில் இன்னொன்றும் கிடக்கும் என்ற சந்தேகத்தில், நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப் வசதியை இயக்கினேன். சில நிமிடங்களில் பெட்டி எந்தச் செய்தியும் எழுதாமல் பாக்கெட் பெறுவதை நிறுத்தியது. வந்த பாக்கெட்டை மேலே அனுப்பிவிட்டு, ரிங்கில் அந்த இடத்துக்குப் புதிய பஃபர் (அடுத்த பாக்கெட்டை ஏற்கும் நினைவகம்) கேட்டு, கிடைக்காவிட்டால் டிரைவர் இடத்தைக் காலியாகவே விட்டது. காலியிடங்கள் சேர்ந்து ரிங் வற்றியது. குறுக்கீட்டுச் சூழலில் (வன்பொருள் அழைத்ததும் மற்ற வேலையை இடைமறித்து) ஓடும் இந்த நிரல் தூங்க முடியாது என்பதால் நினைவகம் வரும்வரை அங்கே காத்திருக்கவும் வழியில்லை. ஆகவே முதலில் புதிய பஃபரை வாங்கி, கிடைக்காவிட்டால் அந்த ஒரு பாக்கெட்டைக் கைவிட்டுப் பழைய பஃபரையே ரிங்கில் திரும்ப வைக்கும்படி வரிசையை மாற்றினேன்.

நிரலை வாசிக்கையில் அனுப்பும் பகுதியிலும் ஒன்று சிக்கியது. டிஎம்ஏ மேப்பிங் தோற்றால் டிரைவர் 'ஓகே' என்று திருப்பிச் சொல்லி, பாக்கெட்டை அப்படியே விட்டிருந்தது. 'பிஸி' என்றால் கர்னல் அதே பாக்கெட்டோடு மறுபடி வரும், ஆகவே அதைத் தொடக்கூடாது. 'ஓகே' என்றால் பாக்கெட் டிரைவருக்குச் சொந்தம், விடுவித்தே ஆக வேண்டும். பல துண்டுகளாலான பாக்கெட்டில் நான்காவது துண்டு தோற்றால் முந்தைய மூன்றின் மேப்பிங்கையும் நீக்க வேண்டும். அதற்கான வரியே அங்கே இல்லை.

புதிய கர்னலைப் பணகுடிப் பெட்டியில் ஏற்றி, ஆடி முழுவதும் ஸ்லாப்டாப் கணக்கைப் பார்த்துவந்தேன், அசையவில்லை. அண்ணாச்சி மாற்ற வந்த அந்தத் தளர்ந்த கேபிளை மட்டும், மாதம் முடியும்வரை வேண்டாம் என்று தடுத்து வைத்திருந்தேன்.