கச்சான் விழும் அரைமணி: குளத்தில் கயாக்கும் தூண்டிலும்

திருகோணமலைப் பக்கக் குளங்களில் பின்னேரத் தூண்டிலுக்குக் கயாக்கோடு இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது இரையைப் பற்றி. நான் முதலில் பார்க்கச் சொல்வது மணிக்கூட்டை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை மத்தியானத்தில் ஓங்கி அடிக்கிற கச்சான் காற்று, பொழுது சாயச் சாய விழும். அலை அடங்கியதும் விரால் மூச்செடுக்க மேலே வருவது கண்ணுக்குத் தெரியும். வெளிச்சம் போவதும் அப்போதுதான். மீன் நன்றாகக் கடிக்கிற அரைமணியும் கரையேற வேண்டிய அரைமணியும் ஒன்றாகவே வந்து சேரும். குளத்தில் நேரும் சிக்கல்களில் பாதி, இந்த இரண்டில் மீனைத் தேர்ந்தெடுப்பதால் வருகிறது.

இதற்கு வழி இருக்கிறது. தூரத்து இடங்களை முதலில் முடித்துவிட்டு, கடைசி அரைமணிக்கான இடத்தை இறங்குதுறையிலிருந்து 200 மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யூலை நடுப்பகுதியில் இங்கே பொழுது படுவது 6.30 அளவில், நவம்பர் நடுப்பகுதியில் 5.40 அளவில். அதன் பிறகு கண் தெரிகிற வெளிச்சம் இருபது நிமிடம் சொச்சம். சாமான் ஏற்றிய கயாக்கைப் பழக்கமில்லாதவர் வலித்தால் அமைதியான தண்ணீரில் மணிக்கு 4 கிலோமீற்றர் போவார், எதிர்க்காற்றில் அதில் பாதிதான். ஆகவே ஒரு கிலோமீற்றர் திரும்பி வர 15 நிமிடமும் ஆகலாம், அரைமணியும் ஆகலாம். பொழுதுபடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், 3.30க்கு இறங்கினால்தான் ஒழுங்காகத் தூண்டில் போட நேரம் கிடைக்கும்.

காற்றின் திசையும் இறங்குகிற இடமும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. நம் மாவட்டத்துக் குளங்களில் பலவற்றின் தண்ணீர் கிழக்கே கடல் பக்கம் ஓடுவதால் குளக்கட்டும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், அலைகரை மேற்கே காட்டோரமாக. கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது, எனவே அலை நேரே கட்டில் வந்து மோதும். கட்டுப் பக்கத்திலிருந்து புறப்பட்டால் உடம்பில் தெம்பிருக்கும்போது எதிர்க்காற்றில் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்பலாம். கணக்கு சரி, ஆனால் கட்டில் அடுக்கியிருக்கிற அலைகல்லில் கயாக்கை ஏற்ற முடியாது. கல்லில் இரண்டு தடவை மோதினாலே அடிப்பக்கம் கிழிபடும், இறங்குகிறவர் கால் கல்லிடுக்கில் மாட்டும். ஆகவே கட்டு முடிந்து மேட்டு நிலத்தோடு சேருகிற மூலையைத் தேடுங்கள். மண் தரையாக, சரிவு குறைவாக இருக்கும். கல்லைப் புரட்டி வழி செய்கிற வேலை வேண்டவே வேண்டாம். 1986 ஏப்ரல் 20 இல் கந்தளாய்க் கட்டு உடைந்து ஊர்களுக்குள் தண்ணீர் பாய்ந்ததை மறக்காத மாவட்டம் இது. கட்டில் கைவைப்பதைப் பார்த்தால் யாரும் சும்மா விட மாட்டார்கள், விடவும் கூடாது. தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்கும், மேலதிகத் தண்ணீர் வழிகிற வானுக்கும் கிட்டப் போகாதீர்கள். துருசு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அசையாததுபோல இருக்கும், இழுவை அடியில் இருக்கும்.

கந்தளாய் போன்ற பெருங்குளம் கயாக்குக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல. காற்று தடையில்லாமல் ஓடுகிற நீளம் கூடக் கூட அலையும் கூடும். முன்னூறு நானூறு மீற்றர் அகலமான ஊர்க்குளத்தில் சிற்றலையாக இருப்பது, கந்தளாயில் மடியில் தண்ணீரை அள்ளிப் போடும். எந்தக் குளமானாலும் நடுவில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்று குறைவு, தண்ணீர் அமைதி, ஆனால் பின்னேர இடிமுழக்கம் அந்த மாதங்களில்தான். கிராபைட் தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டவெளித் தண்ணீரில் இருப்பவரை மின்னல் தேடி வரும். முதல் முழக்கம் காதில் விழுந்ததும் கரைக்கு வரவேண்டும், மழை தொடங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இறங்குமுன் அந்தக் குளத்து மீன்பிடிச் சங்கத்தாரிடம் ஒரு சொல் கேளுங்கள். பல குளங்களில் நெக்டாவோடு (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) சேர்ந்து குஞ்சு விட்டு வளர்ப்பது அவர்கள்தான். அனுமதி, கட்டணம் எல்லாம் குளத்துக்குக் குளம் வேறுபடும். எங்கே வலை கிடக்கிறது, முதலை எந்தப் பக்கம் படுக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். பின்னேரம் வலை போட்டு விடியப்புறம் எடுப்பது வழக்கம் என்பதால் நீங்கள் நிற்கிற நேரத்தில் வலை தண்ணீரில் இருக்கும். வரிசையாக மிதக்கிற பிளாஸ்டிக் போத்தலும் ரெஜிபோம் துண்டுமே அடையாளம். லூர் (செயற்கை இரை) வலையில் மாட்டினால் இழுக்காமல் நூலை வெட்டிவிடுங்கள். ஒரு லூரின் விலையைவிடக் கிழிந்த வலையின் விலை பெரிது.

முதலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் குளங்களில் சதுப்பு முதலை உண்டு. அது பழக்கத்தைப் பார்த்துக் காத்திருக்கிற பிராணி, எனவே மாடு தண்ணீர் குடிக்கிற துறையிலும் ஆட்கள் நாளாந்தம் குளிக்கிற துறையிலும் கயாக்கை இறக்காதீர்கள். சேற்றில் வழுவழுவென்று இழுபட்ட தடம் கண்டால் வேறு இடம் பாருங்கள். இணையத்துக் காணொளிகளில் கயாக்கின் இரு பக்கமும் காலைத் தொங்கவிட்டு மீனோடு மல்லுக்கட்டுவார்கள். இங்கே கை கால் எப்போதும் தட்டுக்குள்ளே. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் விடுவதும் அப்படியே ஆபத்து: துடிக்கிற மீன் முதலையைக் கயாக்கடிக்குக் கூட்டி வரும். மீன் போவது மூடியுள்ள ரெஜிபோம் பெட்டிக்குள். அலைகரைப் பக்கம் பொழுது சாய்கிற நேரம் யானை தண்ணீருக்கு வரும் என்பதால், மாற்று இறங்குதுறை ஒன்றையும் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

நான்கு பேர் போனால் மூவர் தண்ணீரில், ஒருவர் வாகனத்தோடு கரையில் என்பது நல்ல ஒழுங்கு. கரையில் நிற்பவருக்குத் திரும்பும் நேரமும் மாற்றுத் துறையும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் இருப்பவர்கள் ஒருவர் விசிலை மற்றவர் கேட்கும் தூரத்திலேயே இருக்கட்டும், ஆனால் 30 மீற்றருக்குள் நெருங்க வேண்டாம், பின்னுக்கு ஓங்கி வீசுகிற லூருக்குக் கண் இல்லை. உயிர்காப்பு அங்கி மடித்து வைப்பதற்கல்ல, மாட்டிக் கொளுவியிருப்பதற்கு.

கயாக்கில் மேலே உட்காரும் வகைதான் இதற்குச் சரி. 10 அடிக்கும் 12 அடிக்கும் இடையில் நீளம், துடுப்பு 230 முதல் 250 சென்ரிமீற்றர். அகலமான மீன்பிடிக் கயாக்குக்குக் குட்டைத் துடுப்பு எடுத்தால் ஒவ்வொரு வலிப்பிலும் முழங்கை விளிம்பில் இடிக்கும், தண்ணீரும் மடியில் வடியும். உட்காரும் தட்டிலுள்ள ஓட்டைகளுக்கு அடைப்பான் வரும். அமைதியான தண்ணீரில் அடைத்து வைத்தால் இருக்கை நனையாது. அலை ஏறத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் விழுந்த தண்ணீர் வடியாமல் தேங்கிக் கயாக் தள்ளாடும். பட்டா லொறியின் மேலே கட்டும்போது பட்டியைப் பல்லைக் கடித்து இறுக்காதீர்கள். கந்தளாய் வெயிலில் பொலித்தீன் உடம்பு இளகி, பட்டி பட்ட இடம் பள்ளமாகிவிடும். குப்புறக் கவிழ்த்துக் கட்டினால் பள்ளம் விழுவது குறைவு. விழுந்த பள்ளமும் சில மணிநேர வெயிலிலோ சுடுதண்ணீரிலோ பெரும்பாலும் எழும்பிவிடும்.

நங்கூரம்தான் அதிகம் பேர் பிழையாகச் செய்வது. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும், கயிறு ஆழத்தைப்போல மூன்று மடங்காவது வேண்டும்: 4 மீற்றர் ஆழத்துக்கு 12 மீற்றர். கயிறு குட்டையானால் நங்கூரம் படுக்காமல் துள்ளி இழுபடும். கயிற்றை ஒருபோதும் கயாக்கின் பக்கவாட்டில் கட்டாதீர்கள். காற்று கயாக்கைக் குறுக்கே தள்ளும்போது அந்தப் பக்க விளிம்பு கீழே இழுபட்டுக் கவிழும். அணியத்திலோ பின்முனையிலோ கட்டினால் கயாக் காற்றோடு நேராக நிற்கும். நம் குளங்களின் அடியில் பட்டமர வேர்கள் நிறைய, மாட்டிய நங்கூரம் மேல்நோக்கி இழுத்தால் வராது. இதற்கு நங்கூரத்தின் அடிமுனையில் கயிற்றை முடிந்து, மேல் வளையத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டியால் மட்டும் பிடித்துவையுங்கள். மாட்டினால் ஓங்கி இழுக்க, பட்டி அறுந்து நங்கூரம் அடிப்பக்கமாகக் கழன்று வரும். தண்ணீருக்கு மேலே நிற்கிற பட்டமரம் கிடைத்தால் நங்கூரமே வேண்டாம். இரண்டு மீற்றர் கயிற்றை, ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகக் கொப்பில் போட்டால் போதும். கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

திலாப்பியாவுக்கு மெல்லிய தங்கூசி, 8 அல்லது 10ஆம் இலக்கக் கொளுக்கி, சிறு மிதப்பு, ஒரு பயறளவு ஈயம். இரை மண்புழு, அல்லது பாணின் நடுப்பகுதியைப் பிசைந்த உருண்டை. அதன் வாய் சிறிது, கடியும் மெல்லியது. பெரிய கொளுக்கி போட்டவர் மிதப்பு ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார், மீன் இரையைச் சுரண்டிவிட்டுப் போயிருக்கும். ஒரு கிலோ தவிட்டுக்குக் கால் கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கு அரைமணி ஊறவைத்து, தேசிக்காய் அளவு உருண்டையாக இடைக்கிடை போட்டால் கூட்டம் நிற்கும். அள்ளிக் கொட்டினால் வயிறு நிறைந்து இரையைத் தொடாது. ஆழம் குறைந்த மணல்தரையில் வட்டமாகக் குழி குழியாகத் தெரிந்தால் அவை ஆண் திலாப்பியா தோண்டிய கூடுகள். வாயில் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கிற பெண்மீன் அங்கே கடிக்காது, கூடுகளின் ஓரத்து ஆழமே இடம்.

விரால்தான் அந்தக் கடைசி அரைமணியின் மீன். அல்லி இலைக்கும் ஆற்றுவாழைக்கும் இடையிலுள்ள சந்துகளைப் பாருங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன், சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து 'களக்' என்று ஒரு வாய் எடுத்துவிட்டு இறங்கும். வட்டம் விரிந்த இடத்தின் மேலேயே லூரை விட்டால் வெருண்டுவிடும். ஒன்றிரண்டு மீற்றர் அப்பால் இலையின் மேல் விழவைத்து, மெதுவாக இழுத்து, சந்துக்குள் இறங்கியதும் ஒரு கணம் நிறுத்துங்கள். உள்ளே கொளுக்கி மறைந்த ரப்பர் தவளையே இதற்குச் சிறந்தது, செடியில் மாட்டாது. அடி விழுந்தவுடன் தடியைத் தூக்கினால் தவளை வெறுமனே வரும். நூல் நகருவது தெரியும்வரை ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு அடியுங்கள். நூல் 30 இறாத்தல் பிரெய்ட் (பின்னல் நூல்), தடி ஏழடி, கொஞ்சம் விறைப்பானது.

கரையில் நின்று பிடிப்பதற்கும் கயாக்கில் பிடிப்பதற்கும் வித்தியாசம் இங்கேதான் வரும். மிதக்கிற கயாக்கிலிருந்து விராலை இழுத்தால் அது உங்களைச் செடிக்குள் இழுத்துக்கொண்டு போகும், நூல் தண்டுகளில் சுற்றிக்கொள்ளும். எனவே செடிக்கு எதிர்ப்பக்கம் கயாக்கைக் கட்டிவிட்டு வீசுங்கள். மீன் பக்கம் சாயாமல், இடுப்புக்கு மேலே திரும்பித் தடியைக் கயாக்கின் நீளவாக்கில் இழுப்பது பழக வேண்டிய ஒன்று. செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக்கூட்டம் தண்ணீர் மேல் மொய்ப்பதைக் கண்டால் அதன் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். வீசினால் கட்டாயம் அடிக்கும், ஆனால் அந்த மீனை எடுத்தால் குஞ்சுகளை மற்ற மீன் ஒரே நாளில் தின்று தீர்க்கும். அதை விட்டுவிடச் சொல்வதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

கொளுக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்தால், கையில் ஏறினாலும் வந்த வழியே எடுக்கலாம். கெளிறு வந்தால் வெறுங்கையால் பிடிக்காமல் குறட்டால் கொளுக்கியைக் கழற்றுங்கள், செட்டை முள் குத்தினால் கடுப்பு மணிக்கணக்கில் நிற்கும். குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீரில் அரைமணியாவது வைத்தால் தணியும். சுடுதண்ணீர்ப் போத்தல் தேநீருக்கு மட்டுமல்ல. கை காலில் புண் இருந்தால் மூடிக்கட்டி இறங்குங்கள். குளத்துக்குப் போய்வந்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் குளத்துத் தண்ணீரில் இறங்கியதைச் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலை அவர் நினைக்க அது போதும்.

கவிழ்ந்தால் ஏறுகிற பயிற்சியைக் குளத்தில் செய்யாதீர்கள். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடல் அமைதியான மாதங்களில் காலையில், இடுப்பளவு தண்ணீரில் செய்யுங்கள். காலையில் என்பதற்குக் காரணம், பின்னேரக் கச்சான் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். கவிழ்ந்த கயாக்கின் குறுக்கே கைபோட்டு மறு விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து நிமிர்த்துங்கள். பிறகு காலை மேலே மிதக்க உதைத்து, வயிறு தட்டின் குறுக்கே படும்வரை ஏறி, புரண்டு இருக்கையில் அமர்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். செங்குத்தாக நின்று ஏற முயன்றால் கயாக் திரும்பவும் மேலே கவிழும். இரண்டு பேர் சேர்ந்து பழகினால் மற்றவர் தன் கயாக்கை ஒட்டி நிறுத்தி மறுபக்க விளிம்பை அமுக்கிப் பிடிக்கலாம், அரை நிமிட வேலை.

கரையேறிய பிறகு இறங்குதுறையில் மீன் அறுக்க வேண்டாம், குடலின் மணம் அடுத்த நாள் குளிக்க வருகிறவருக்கு ஆபத்து. மீனின் எடைக்குச் சரி எடை ஐஸ் போட்டு வீட்டில் அறுங்கள். கயாக்கைப் பின்முனை தாழச் சரித்து வடிகால் அடைப்பானைத் திறங்கள். ஒரு கோப்பைக்குள் வடிந்தால் மூடி வழியே தெறித்தது. அதைவிடக் கூடினால் எங்கோ வெடிப்பு. கயாக்கின் உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி இரண்டு முட்டின் மேல் வைத்துப் பார்த்தால் கசிகிற இடம் வெளியே ஈரமாகக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது கரையில் இழுபட்டுத் தேய்ந்த பின்முனை, அல்லது இருக்கைக்கடி ஓட்டையின் விளிம்பு.