வெப் சர்வீஸ் காம்போசிஷனை எம்.இ. புராஜெக்டாக எடுக்கிறவர்களுக்கு

கடைசி வருடப் புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் நான் படித்த வரிசையில் மட்டும் படிக்காதீர்கள், அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வெப் சர்வீஸ் என்றால் இணையம் வழியாக வேறொரு மென்பொருள் அழைத்துப் பயன்படுத்தும் மென்பொருள். கடையின் ஸ்டாக்கைப் பார்க்க ஒரு சர்வீஸ், பணம் எடுக்க ஒன்று, கூரியர் பிக்கப்புக்கு ஒன்று, பில் போட ஒன்று. ஆளுக்கொரு நிறுவனத்தில் கிடக்கும் இவற்றைக் கோத்து ஒரே ஆர்டர் வேலையாக்குவதுதான் காம்போசிஷன். யாரும் உட்கார்ந்து கோக்காமல் மென்பொருளே கோத்துக்கொண்டால் அது தானியங்கி. கேட்கும்போதே ஆசையாக இருக்கும். அந்த ஆசையில் நான் முதல் நாளே ஏ.ஐ. பிளானிங்கில் இறங்கிவிட்டேன். கொடுக்கும் இன்புட், வேண்டிய அவுட்புட் இரண்டையும் சொன்னால் இடையில் வரவேண்டிய சர்வீஸ்களைத் தேடி அடுக்கும் ஒரு புரோகிராமை இரண்டே மாதத்தில் எழுதி, அது ஓடவும் ஓடியது.

முதல் ரிவ்யூவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது லாகைப் பார்த்தால் 499 ரூபாய் பொருளுக்கு 4.99 ரூபாய் எடுத்திருக்கிறது. விலை சொல்லும் சர்வீஸ் ரூபாயில் கொடுக்கிறது, பேமென்ட் சர்வீஸ் பைசாவில் கேட்கிறது, இரண்டும் வெறும் எண் என்பதால் என் புரோகிராம் பொருத்தம் சரி என்று முடிவு செய்துவிட்டது. ஒரு சர்வீஸை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். கோப்பில் வடிவம்தான் இருக்கும், அர்த்தம் இருக்காது என்று படித்திருந்தேன்தான், ஆனால் அது உறைத்தது அந்த 4.99-ஐப் பார்த்த பிறகுதான்.

அதனால் முதல் மாதம் தானியங்கி என்ற பேச்சே வேண்டாம். ஒரே ஒரு ஆர்டர் வேலையை எடுத்து சர்வீஸ்களைக் கோப்பதற்கென்றே உள்ள பீபெல் மொழியில் முழுக்கக் கையால் எழுதுங்கள். ஐ.பி.எம்.மின் டபிள்யூ.எஸ்.எஃப்.எல்., மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்லாங் என்ற இரண்டு மொழிகளும் சேர்ந்து 2002-ல் பீபெல் ஆனது, 2007 ஏப்ரலில் டபிள்யூ.எஸ்.-பீபெல் 2.0 ஓயசிஸ் என்ற அமைப்பின் தரமானது, வரலாறு அவ்வளவு தெரிந்தால் போதும். சர்வீஸை அழைக்கும் இன்வோக், செய்தியைப் பெறும் ரிசீவ், பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் ஃப்ளோ எல்லாம் இரண்டு நாளில் பிடிபடும். நேரம் போகவேண்டிய இடம் காம்பன்சேஷன், அதாவது முடிந்துபோன வேலையை ஈடுகட்டுவது.

பணம் எடுத்தாயிற்று, கூரியர் மறுத்துவிட்டது என்று வையுங்கள். டேட்டாபேஸ் மாதிரி ரோல்பேக் செய்து, எதுவுமே நடக்காதது போல் ஆக்க முடியாது. கூரியர் பதில் சொல்ல மூன்று மணி நேரம் ஆனால் அதுவரை வங்கி தன் கணக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்காது. ஆகவே ரீஃபண்ட் என்பது பழையதை அழிப்பதல்ல, அது இன்னொரு புதுப் பரிவர்த்தனை. போன எஸ்.எம்.எஸ்.ஸைத் திரும்ப வாங்க முடியுமா, இன்னொரு எஸ்.எம்.எஸ். தான் அனுப்பலாம், அதே கதை. பீபெல்லில் ஒரு ஸ்கோப், அதாவது சில படிகள் சேர்ந்த ஒரு தொகுதி, வெற்றிகரமாக முடிந்த பிறகுதான் அதன் காம்பன்சேஷன் ஹேண்ட்லர் உயிர்பெறும், பாதியில் விழுந்த ஸ்கோப்புக்கு அது ஓடாது, பிழையைக் கவனிக்கும் ஃபால்ட் ஹேண்ட்லர்தான் பார்த்துக்கொள்ளும். முடிந்த ஸ்கோப்களின் ஹேண்ட்லர்கள் கடைசியில் முடிந்ததிலிருந்து பின்னோக்கி ஓடும். இந்த யோசனையின் வேர் 1987-ல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதிய சாகா கட்டுரை. சின்னக் கட்டுரைதான், கட்டாயம் படித்துவிடுங்கள். இன்றைக்கு மைக்ரோசர்வீஸ் இன்டர்வியூவில் சாகா என்று கேட்பதும் இதைத்தான்.

அப்புறம் அர்த்தத்துக்கு வாருங்கள். சர்வீஸின் அர்த்தத்தை எழுதும் மொழியான ஓ.டபிள்யூ.எல்.-எஸ். 2004-ல் வெப் தரங்களுக்கான அமைப்பான டபிள்யூ3சி-க்குச் சமர்ப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் இன்புட், அவுட்புட் தவிர முன்நிபந்தனை, விளைவு இரண்டையும் எழுதச் சொல்கிறது. என் பைசா பிரச்சினைக்கு மருந்து இங்கேதான் கிடைத்தது, ரூபாய்த்தொகை, பைசாத்தொகை என்று இரண்டு கருத்துகளாகப் பிரித்து, நடுவே மாற்றிக்கொடுக்கும் ஒரு சின்ன சர்வீஸை வைத்தேன். சர்வீஸ்களை அடுக்கும் என் பிளானர் அதைத் தானே கண்டுபிடித்து இடையில் சொருகியபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

பிளானர் என்றால் எச்.டி.என். வகையைத்தான் சொல்வேன். பெரிய வேலையைச் சிறு வேலைகளாக உடைத்துக்கொண்டே போவது அதன் முறை, அலுவலகங்களில் வேலை நடக்கும் விதமும் ஏறக்குறைய அதுதான். ஷாப்2 பிளானரை ஓ.டபிள்யூ.எல்.-எஸ்.ஸோடு இணைத்த மேரிலாந்து பல்கலைக்கழகக் குழுவின் கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம்.

உலகத்தில் உள்ள எல்லா சர்வீஸ்களிலிருந்தும் தேடிக் கோப்போம் என்று பிராப்ளம் ஸ்டேட்மென்டில் எழுதிவிடாதீர்கள். யு.டி.டி.ஐ. என்று பொதுப் பதிவேடு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், எஸ்.ஏ.பி. மூவரும் 2006 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். முன்பின் தெரியாத சர்வீஸை நம்பி எந்த நிறுவனமும் பணத்தை விடாது. ஒரு நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து 20, 30 சர்வீஸ் என்று வரம்பு போடுங்கள், கேள்வி கேட்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

கியூ.ஓ.எஸ்., அதாவது சேவைத் தரம் பற்றிய பகுதியில் ஒரு கணக்கைக் கையில் வைத்திருங்கள். 5 கட்டம், கட்டத்துக்கு 10 சர்வீஸ் என்றால் 1 லட்சம் சேர்க்கை. ஒவ்வொன்றும் 99 சதவீதம் நம்பகமானது என்றாலும், ஒன்றையொன்று பாதிக்காமல் வரிசையாக ஓடும் ஐந்தும் சேர்ந்தால் சுமார் 95 சதவீதம்தான். மொத்தச் செலவு, மொத்த நேரம் என்று வரம்பு வைத்தால் இது என்.பி.-ஹார்ட், அதாவது அளவு கூடினால் துல்லிய விடைக்கு வேகமான பொது வழி தெரியாத வகை, சரி, அதற்காக உடனே தோராய விடை தேடும் ஜெனடிக் அல்காரிதத்துக்கு ஓடவேண்டாம். இந்த அளவுக்கு, முழு எண்களை வைத்துச் சிறந்த விடையைக் கணக்கிடும் இன்டிஜர் புரோகிராமிங் சரியான விடையையே கொடுத்துவிடும். பிறகு ஏன் ஜெனடிக் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது, என் வகுப்பில் இருவர் அங்கேதான் மாட்டினார்கள்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டெர்னல் என் ஸ்லைடுகளை வேகமாகத் தள்ளிக்கொண்டே போய், ஆர்டர் படம் வந்ததும் நிறுத்தினார். கூரியர் கட்டத்தின்மேல் விரலை வைத்து, "இது விழுந்தா உங்க பிளானர் என்னம்மா பண்ணும்?" என்று கேட்டார். போர்டில் பில், பணம், ஸ்டாக் என்று பின்னோக்கி அம்பு போட்டுக்கொண்டே, ரீஃபண்ட் சர்வீஸும் விழுந்தால் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு ஓர் ஆளின் பார்வைக்குப் போகும் என்பது வரை சொன்னேன். இருபது நிமிட வைவாவில் பன்னிரண்டு நிமிடம் அந்த ஒரு கேள்வியிலேயே போனது.